கையில் மருத்துவ இடம், காத்திருக்கும் ராணுவம்: அமெரிக்கப் பயிற்சி அதிகாரிகளின் இரட்டைக் கணக்கு

அமெரிக்காவில் பட்டப்படிப்புடன் ராணுவ அதிகாரிப் பயிற்சியையும் சேர்த்து மேற்கொள்ளும் மாணவர்களில் சிலருக்கு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளியில் ஓர் இடத்தை உறுதிசெய்துகொள்ள அந்நாட்டில் வழிகள் இருக்கின்றன. ஆனால், இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த மாணவர் நேரே போய்ச் சேர்ந்துவிட முடியாது. அவரை விடுவிக்க ராணுவமும் சம்மதிக்க வேண்டும். மருத்துவப் பள்ளியின் கடிதம் ராணுவத்தைக் கட்டுப்படுத்தாது. ராணுவத்தின் ஒப்பந்தம் மருத்துவப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. 19 வயதில் கையெழுத்திடும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எளிதில் கண்ணில் படாத இடம் இதுதான்.

‘ஆர்ஓடிசி’ என்று அழைக்கப்படும் ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை 1916ஆம் ஆண்டின் தேசியத் தற்காப்புச் சட்டத்தின்கீழ் உருவானது. அதற்கு முன்னோடியாக, 1819ல் தொடங்கப்பட்ட வெர்மான்ட் மாநிலத்தின் நார்விச் பல்கலைக்கழகம் கருதப்படுகிறது. இன்று தரைப்படையின் பயிற்சித் திட்டம் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. கடற்படைக்கும் ஆகாயப் படைக்கும் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. மலேசியப் பல்கலைக்கழகங்களில் உள்ள ‘பலாபெஸ்’ பயிற்சியை அறிந்தவர்களுக்கு இதன் வடிவம் பழகியதாக இருக்கும். ஒரு பெரிய வேறுபாடு, அமெரிக்கத் திட்டத்தில் உபகாரச் சம்பளம் பெறுபவர் பெரும்பாலும் முழுநேர ராணுவச் சேவைக்குப் போகிறார் என்பதே. நான்காண்டு உபகாரச் சம்பளம் பெற்றவருக்கு வழக்கமாக நான்காண்டு முழுநேரச் சேவை. ரிசர்வ் காலத்தையும் சேர்த்தால் மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டுகள்.

முன்கூட்டிய சேர்க்கை என்றால் என்ன?

இந்தச் சொல்லை மூன்று வெவ்வேறு முறைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

முதலாவது, உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போதே பட்டப்படிப்பு, மருத்துவம் இரண்டுக்கும் சேர்த்து இடம் தருவது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டம் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. இரண்டாவது, கல்லூரியில் சேர்ந்தபின், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்து இடத்தை உறுதிசெய்துகொள்வது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஐகான் மருத்துவப் பள்ளி இவ்வகையில் பெயர்பெற்றது. இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களைப் படிப்போருக்காக அது 1987ல் தொடங்கிய திட்டம், 2013ல் எல்லாத் துறை மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டு ‘ஃபிளெக்ஸ்மெட்’ என்ற பெயரைப் பெற்றது. ஜார்ஜ்டவுன், பஃபலோ போன்ற பல்கலைக்கழகங்களும் இத்தகைய உறுதியை அளித்துள்ளன. சில இடங்களில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு.

மூன்றாவது முறை பெயரளவில்தான் முன்கூட்டியது. வழக்கமான விண்ணப்பப் பருவத்திலேயே ஒரே ஒரு மருத்துவப் பள்ளிக்கு மட்டும் ஆகஸ்டு 1க்குள் விண்ணப்பித்து, அக்டோபர் தொடக்கத்தில் முடிவைத் தெரிந்துகொள்வது அது. மறுக்கப்பட்டால், மற்றவர்கள் ஏற்கெனவே விண்ணப்பித்து நேர்காணலுக்குக் கிளம்பிவிட்ட நேரத்தில் அவர் புதிதாகத் தொடங்க வேண்டும். பயிற்சி அதிகாரிகளுக்கு இதனால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. அவர்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது இரண்டாவது முறை. காரணம், அவர்களின் நாள்காட்டி.

கோடை இடிக்கும் இடம்

மருத்துவப் பள்ளிகளுக்குப் பொது விண்ணப்பம் மே மாதம் திறக்கிறது. மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கத் தொடங்கலாம். அதன்பின் ஒவ்வொரு பள்ளியும் தனியாகக் கட்டுரைகளைக் கேட்டு அனுப்பும். அவற்றைச் சில வாரங்களுக்குள் எழுதி அனுப்புபவர்களுக்கே நேர்காணலில் முன்னுரிமை கிடைக்கும் என்பது விண்ணப்பதாரர்களிடையே தெரிந்த விஷயம். மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு தொடங்குவதற்கு இடைப்பட்ட கோடைதான் இதற்கெல்லாம் காலம்.

அதே கோடையில் தரைப்படைப் பயிற்சி அதிகாரிகள் கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் ஐந்து வார அளவிலான மேல்நிலைப் பயிற்சிக்குப் போக வேண்டும். திசை அறிதல், துப்பாக்கிச் சுடுதல், காட்டில் நாள் கணக்கில் குழுவை வழிநடத்துதல் என்று போகும் அந்த முகாமில் மடிக்கணினியைத் திறந்து கட்டுரை எழுதும் நேரம் கிடைக்காது. முகாமைத் தவிர்க்கவும் இயலாது. அதில் பெறும் மதிப்பீடு, நாடு முழுவதும் உள்ள பயிற்சி அதிகாரிகளின் தரவரிசையில் சேர்கிறது.

முகாமுக்கு முன்பே எம்கேட் எனப்படும் நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் நீளும் தேர்வு அது. மதிப்பெண் 472க்கும் 528க்கும் இடையில் அமையும். இடம் பெறுவோரின் சராசரி 511ஐ ஒட்டியிருக்கிறது. அதற்குப் பல மாதத் தயாரிப்பு தேவை. பயிற்சி அதிகாரியோ வாரத்தில் சில நாள் விடியற்காலையில் உடற்பயிற்சிக்குப் போகிறார். வாரம் ஒருமுறை நடக்கும் தலைமைத்துவப் பயிற்சி சில வளாகங்களில் பிற்பகல் வேதியியல் ஆய்வுக்கூட நேரத்துடன் மோதுகிறது. ஆண்டுக்கு 50,000க்கும் அதிகமானோர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் மட்டுமே சேரும் போட்டியில், சராசரி மதிப்பெண் சற்றே சரிந்தாலும் பாதிப்பு பெரிது.

இந்த நெருக்கடியை முன்கூட்டிய உறுதித் திட்டம் கணிசமாகத் தளர்த்துகிறது. இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைத்தால் மூன்றாம் ஆண்டுக் கோடையில் முகாம் மட்டுமே வேலை. பல திட்டங்களில் எம்கேட் தேர்வும் தேவையில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டுக் கல்லூரி மதிப்பெண்களை வைத்தே தேர்வு நடப்பதால், முதல் பருவத்தில் தடுமாறியவருக்குச் சரிசெய்ய அவகாசம் இராது. இடம் கிடைத்த பிறகும் குறிப்பிட்ட சராசரியைக் கடைசிவரை தக்கவைக்க வேண்டும்.

இரண்டாவது கதவு

எல்லாம் நல்லபடியாக நடந்து, மருத்துவப் பள்ளியின் கடிதமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டமளிப்பு நாளில் அந்த மாணவர் இரண்டாம் லெஃப்டினன்ட் ஆகிறார். அன்றிலிருந்து அவர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை ராணுவத்துக்கு வந்துவிடுகிறது.

மருத்துவம் படிக்க விரும்பும் தரைப்படைப் பயிற்சி அதிகாரி, கல்விக்கான பணி ஒத்திவைப்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தேர்வுக் குழு மதிப்பெண், தேர்வு முடிவு, உடற்தகுதி, மேலதிகாரிகளின் கருத்து ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கும். அனுமதி கிடைத்தால் முழுநேரச் சேவை தள்ளிப்போகும். மாணவர் ரிசர்வ் பட்டியலில் இருந்தபடி மருத்துவம் படிக்கலாம். ஆகாயப் படையின் கல்லூரித் திட்டத்தில் மருத்துவத் துறைகளை நாடுவோருக்கென்று தனித் தேர்வுமுறை உண்டு. கடற்படை இதில் கண்டிப்பானது. அதன் கல்லூரிப் பயிற்சித் திட்டம் முதன்மையாகக் கப்பல், நீர்மூழ்கி, விமானம் ஆகியவற்றுக்கு அதிகாரிகளைத் தயாரிப்பதற்கானது. நேரடியாக மருத்துவத்துக்கு விடப்படுவோர் மிகச் சிலர்.

அனுமதி மறுக்கப்பட்டால்? மாணவர் ராணுவம் ஒதுக்கும் பிரிவில் சேவையைத் தொடங்க வேண்டியதுதான். அதுவரை மருத்துவப் பள்ளி இடத்தை வைத்திருக்குமா என்பது முழுக்க அந்தப் பள்ளியின் முடிவு. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பே, ராணுவக் காரணத்துக்காகச் சேர்க்கையைத் தள்ளிவைக்க அந்தத் திட்டத்தில் இடமுண்டா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பயிற்சிப் பிரிவின் அதிகாரியிடமும் மருத்துவ ஆசையை முதலாண்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான்காம் ஆண்டில் திடீரென்று சொல்பவரைவிட, ஆரம்பம் முதலே அந்தத் திசையில் போகும் மாணவருக்குப் பரிந்துரை எழுதுவது எந்த அதிகாரிக்கும் எளிது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். தரைப்படையில் ‘மருத்துவச் சேவைப் பிரிவு’ என்று ஒன்று உள்ளது. பெயரைப் பார்த்து அதை மருத்துவர்களின் பிரிவு என்று எண்ணிவிடக்கூடாது. மருத்துவமனை நிர்வாகம், மருந்துப் பொருள் வழங்கல், காயமுற்றோரை அப்புறப்படுத்துதல் போன்றவற்றைக் கவனிக்கும் அதிகாரிகள் அதில் இருக்கிறார்கள். அங்கு நியமிக்கப்படுவது மருத்துவப் பள்ளிக்கு ஒரு படி நெருங்குவதாக ஆகாது. ஆனாலும் சேவையில் இருந்தபடியே பிற்காலத்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்துப் போனவர்களும் உண்டு.

பணம் வரும் வழிகள்

அமெரிக்க ராணுவம் மருத்துவர்களைத் தேட வேண்டிய நிலைக்கு வந்ததற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. கட்டாய ஆள்சேர்ப்பு நடந்த காலத்தில் மருத்துவர்களும் அழைக்கப்பட்டனர். 1954ல் தொடங்கிய ‘பெர்ரி திட்டம்’, இளம் மருத்துவர்கள் பயிற்சியை முடித்துவிட்டுச் சேவைக்கு வர அவகாசம் தந்தது. வியட்நாம் போரின் முடிவில், 1973ல், கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. மருத்துவர்கள் இனித் தாமாக வரமாட்டார்கள் என்பதை முன்பே கணித்த நாடாளுமன்றம் 1972ல் ஒரு சட்டம் இயற்றியது. இன்றுள்ள இரண்டு முக்கிய வழிகளும் அந்த ஒரே சட்டத்தில் பிறந்தவை.

ஒன்று, மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா நகரில் உள்ள சீருடைச் சேவைகள் பல்கலைக்கழகம். அதன் மருத்துவப் பள்ளிக்கு, அந்தச் சட்டத்துக்காக நீண்டகாலம் வாதாடிய லூசியானா உறுப்பினர் எட்வர்ட் எபேரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. முதல் அணி 1980ல் பட்டம் பெற்றது. இங்கே கல்விக் கட்டணம் இல்லை. மாணவர்கள் முழுநேர அதிகாரிகளாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கின்றனர். ஆண்டுக்கு 170 பேர் அளவில் சேர்கின்றனர். தரைப்படை, கடற்படை, ஆகாயப் படை மாணவர்களுக்கு ஏழாண்டுச் சேவைக் கடப்பாடு உண்டு. ஏற்கெனவே ஆர்ஓடிசி ஒப்பந்தத்தில் இருப்பவர் இங்கு விண்ணப்பிக்கத் தம் படைப் பிரிவின் ஒப்புதல் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். எம்கேட் மதிப்பெண்ணும் தேவை.

மற்றொன்று, சுகாதாரத் தொழில்களுக்கான உபகாரச் சம்பளத் திட்டம். மாணவர் தமக்கு இடம் கிடைத்த எந்தச் சிவிலியன் மருத்துவப் பள்ளியிலும் படிக்கலாம். கட்டணம், நூல்கள், கருவிகளுக்கான செலவை ராணுவம் ஏற்கும். மாதம் 2,000 டாலருக்கும் மேலான உதவித்தொகையும் கிடைக்கும். ஆண்டுக்கு 45 நாள் முழுநேரச் சேவையில் இருக்க வேண்டும். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டுச் சேவை. கடன் வாங்கிப் படித்து வெளிவரும் அமெரிக்க மருத்துவர்களின் கடன் சராசரியாக 200,000 டாலர் அளவில் இருப்பதை நினைத்தால், குடும்பங்கள் இதை ஏன் நாடுகின்றன என்பது விளங்கும்.

முன்கூட்டிய இடத்தை எம்கேட் எழுதாமலே பெற்றவர் ஒரு சிக்கலை எதிர்கொள்ளக்கூடும். மருத்துவப் பள்ளி அந்த மதிப்பெண்ணைக் கேட்காவிட்டாலும், உபகாரச் சம்பளத் தேர்வில் அது பார்க்கப்படுகிறது. தேர்விலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்தவர், பணத்துக்காக அதை எழுத வேண்டி வரலாம்.

கூட்டிப் பார்க்கும்போது

கடப்பாடுகள் ஒன்றன்மீது ஒன்றாகச் சேர்கின்றன என்பதே இந்த விவகாரத்தில் மிக முக்கியமான விவரம். விளம்பரக் கையேடுகளில் பெரிய எழுத்தில் இருப்பது உதவித்தொகை. இந்தக் கூட்டல் சிறிய எழுத்துக்குப் போய்விடுகிறது.

18 வயதில் உபகாரச் சம்பளத்துடன் ஆர்ஓடிசியில் சேரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 22 வயதில் பட்டம், 26 வயதில் மருத்துவப் பட்டம். கல்லூரிக்காக நான்காண்டு, மருத்துவப் படிப்புக்காக இன்னும் நான்காண்டு என எட்டாண்டுச் சேவை அவர்மீது இருக்கிறது. ஆனால் 26 வயதில் அந்தக் கணக்குத் தொடங்குவதில்லை. நிபுணத்துவப் பயிற்சிக் காலம் பொதுவாகக் கடப்பாட்டில் கழிக்கப்படாது. குடும்ப மருத்துவத்துக்கு மூன்றாண்டு என்றால் 29 வயதில்தான் முதல் ஆண்டு எண்ணப்படும். விடுபடும்போது வயது 37. ஐந்தாண்டு நீளும் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி என்றால் 39. பெதஸ்டா பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் நான்குடன் ஏழைக் கூட்டிப் பதினோராண்டு. அறுவை சிகிச்சை நிபுணர் விடுபடும்போது 42 வயது.

இதற்கு மாறாக, கல்விக்கான ஒத்திவைப்பு மட்டும் பெற்று, மருத்துவப் படிப்புக்கு ராணுவப் பணத்தைத் தொடாமல் தம் சொந்தச் செலவிலோ கடனிலோ படிப்பவருக்குக் கல்லூரிக் கடப்பாடு மட்டுமே மிஞ்சும். அவர் அதை மருத்துவராகவே செய்து முடிக்கலாம். கடன் சுமை ஒரு பக்கம், ஆண்டுகள் ஒரு பக்கம் என்று குடும்பம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. முன்கூட்டிய இடத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: அந்தக் கணக்கைப் போட இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கிறது.

எந்தத் துறையில் நிபுணராவது என்பதிலும் படையின் தேவைக்கு இடமுண்டு. ராணுவ மருத்துவர்களுக்கான பயிற்சி இட ஒதுக்கீடு டிசம்பரில் வெளியாகிறது. சிவிலியன் ஒதுக்கீடு மார்ச்சில். ராணுவத் தேர்வில் முதலில் பங்கேற்பது கட்டாயம். கண் மருத்துவத்துக்கு அந்த ஆண்டு படைக்குச் சிலரே தேவை என்றால், போட்டி அந்தச் சில இடங்களுக்குள்தான். கடற்படையில் ஓராண்டு அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் கப்பலுக்கோ மரீன் படைப் பிரிவுக்கோ பொது மருத்துவ அதிகாரியாக அனுப்பிவிட்டு, பிறகு நிபுணத்துவப் பயிற்சிக்கு அழைப்பது நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டுகள் கடப்பாட்டில் கழியும் என்பது ஓர் ஆறுதல்.

படிப்பை இடையில் கைவிட்டாலும் ஒப்பந்தம் கைவிடாது. வேறு பிரிவில் சேவை செய்யவோ பணத்தைத் திருப்பிச் செலுத்தவோ நேரிடலாம்.

உடற்தகுதியும் குடியுரிமையும்

கல்லூரி உபகாரச் சம்பளத்துக்கும் பெதஸ்டா பல்கலைக்கழகத்துக்கும் ராணுவ மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவானால் அது தகுதிக் குறைவாகக் கருதப்படும். விலக்கு கேட்கலாம், கிடைப்பது நிச்சயமில்லை. சிறுவயது மருத்துவக் குறிப்புகளை முன்பே எடுத்துப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். அமெரிக்க மருத்துவப் பள்ளி தடையாகக் கொள்ளாத ஒரு நோயை ராணுவம் தடையாகக் கொள்ளும் என்பதால், இடம் உறுதியான பிறகு இது வெளிப்பட்டால் திட்டமிட்டிருந்த பண உதவி முழுவதும் கைநழுவலாம்.

அதிகாரியாக நியமனம் பெற அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். மாணவர் விசாவில் அங்கு படிக்கச் செல்லும் சிங்கப்பூர், மலேசிய மாணவர்களுக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. முன்கூட்டிய உறுதித் திட்டங்களிலும் வெளிநாட்டு மாணவர்களை ஏற்காதவை உண்டு.

அங்கு குடியேறிய சிங்கப்பூர்க் குடும்பங்களின் நிலை வேறு. அமெரிக்காவில் பிறந்து இரு குடியுரிமையும் கொண்ட மகன் ஆர்ஓடிசியில் சேர்ந்தாலும், அது சிங்கப்பூரின் தேசிய சேவைக்கு ஈடாகாது. 13 வயது முதல், நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழகப் படிப்புக்காக முழுநேரத் தேசிய சேவை ஒத்திவைக்கப்படுவதில்லை. இதைக் கவனிக்காமல் அமெரிக்காவில் மருத்துவ இடத்துக்கும் ராணுவ ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பித்துவிட்டால், பின்னர் இரு நாட்டுக் கடப்பாடுகளும் ஒரே வயதில் வந்து நிற்கும்.

சிங்கப்பூரிலேயே மருத்துவம் படிப்பவர்களுக்குத் தற்காப்பு அமைச்சு இதற்கு இணையான ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியிலோ இடம் பெற்ற முழுநேரத் தேசிய சேவையாளர்கள், சேவையை இடையில் நிறுத்திப் படிக்கச் செல்லலாம். ஐந்தாண்டுப் படிப்பும் பயிற்சி மருத்துவர் ஆண்டும் முடிந்ததும் திரும்பி வந்து, மிச்சமுள்ள காலத்தை ஆயுதப்படையின் மருத்துவ அதிகாரிகளாக நிறைவுசெய்ய வேண்டும். வெளிநாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களுக்குப் பொதுவாக இந்த இடைநிறுத்தம் கிடைப்பதில்லை. அவர்கள் ஈராண்டுச் சேவையை முடித்துவிட்டே கிளம்ப வேண்டும். அதுவரை இடத்தை ஒத்திவைக்கத் தயாரா என்று அந்த வெளிநாட்டுப் பள்ளியிடம் விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே கேட்டுவிடலாம்.